நேரில் அழிக்க முடியாது

ஜூன் 24, செவ்வாய்

எழுந்ததும் பல் கூடத் தேய்க்காமல் போனை எடுத்து, வலைப்பதிவுக்கு வந்திருந்த கமெண்ட்டுகளைப் பார்த்தேன். மூன்று. இரண்டை வெளியிட்டேன், ஒன்றை அழித்தேன். அழித்தது 'அடி அண்ணாமலைக்காரன்' எழுதியது. எப்போதும் போல அதே வரி: "அந்த வீடு இல்லை. விசாரித்து எழுதுங்கள்." செருப்புப் பதிவு போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. இந்த ஆளுக்கு அலுக்கவே இல்லை. அந்த வீட்டுக்கு ஏதாவது சொந்தமாக இருப்பான்.

மதியம் பள்ளி அலுவலகத்தில் டி.சி. எழுதிக்கொண்டிருந்தபோது இராமலிங்கம் சாரிடமிருந்து மெயில். ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர். பழைய பஸ் தடங்களைப் பற்றிப் பதிவு எழுதுகிறவர். ஆறு வருஷமாக அவர் எழுதுவதை நானும் நான் எழுதுவதை அவரும் படிக்கிறோம். முகம் பார்த்ததில்லை. பதிவர் சந்திப்பு இந்த முறை நம் ஊரிலேயே நடக்கிறதாம். ஜூலை 20, ஞாயிறு. தேரடித் தெருப் பக்கம் ஒரு லாட்ஜ் மாடி ஹாலில். "வேதா அவர்கள் அவசியம் வரவேண்டும். செருப்புப் பதிவு உருவான விதம் பற்றி இருபது நிமிடம் பேசவேண்டும்."

வேதா நான்தான். அருணாதேவி என்ற பெயரில் நான் எழுதுவது சம்பளப் பட்டியலில் போடும் கையெழுத்து மட்டும்.

பதில் போடவில்லை.

ஜூன் 25, புதன்

சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். டிப்போ டைம்கீப்பர் அல்லவா, எதையும் போகும் நேரம் வரும் நேரம் வைத்துத்தான் யோசிப்பார்.

"நேர்ல போய் என்னா கிடைக்கப்போவுது? எழுதறத எல்லாரும் போன்லயே படிச்சுடறாங்க. ஒரு தயிர்சாதப் பொட்டலம் கிடைக்கும்."

"பேசச் சொல்றாங்க."

"எதைப் பத்தி? அந்தச் செருப்பா? நம்ம வீட்டு வாசல்ல கிடக்கற என் செருப்பையே உன்னால காலைல தேடிக் குடுக்க முடியல, நீ ஊருக்குச் செருப்பு தேடித் தர்றியா?"

சிரித்தேன். ஆனால் கேள்வி உள்ளே நின்றுவிட்டது. நேரில் போனால் என்ன கிடைக்கும்? வேதாவுக்கு வயதில்லை. முழங்கால் வலி இல்லை. மேடை ஏறினால் குரல் கம்மிப்போகும் என்பதும் இல்லை. நாற்பத்தைந்து வயது அருணாதேவி போய் நின்றால் அந்த வேதா காலி. எனக்கு என்ன கிடைக்கும் என்பதைவிட, என்ன போய்விடும் என்றுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 28, சனி

அந்தப் பதிவை மறுபடி படித்தேன். 'செருப்பை விழுங்கும் வீடு'. தலைப்பு அன்றைக்கு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பௌர்ணமிக் காலை. டவுன் கூட்டத்துக்குப் பயந்து, கோவிலிலிருந்து தொடங்காமல், ஆட்டோவில் அடி அண்ணாமலைக்குப் போய் ஒரு சந்து வழியாகப் பாதைக்குள் நுழைந்து அங்கிருந்தே மலை சுற்றினேன். அங்கே பாதையோர வீடுகளில் பௌர்ணமியன்று செருப்பு வாங்கி வைத்துக்கொள்வார்கள். பழைய புடவையைக் கிழித்து ஒரு துண்டைச் செருப்பில் கட்டிவிட்டு, அதே புடவையின் இன்னொரு துண்டை நம்மிடம் கொடுப்பார்கள். அதுதான் டோக்கன். திரும்பி வந்து காட்டும்போது இரண்டு துண்டின் பூவும் ஒத்துப்போக வேண்டும். நீல கேட் போட்ட வீட்டில் விட்டேன். பச்சையில் வெள்ளைப் புள்ளித் துண்டு கொடுத்தார்கள். பதினான்கு கிலோமீட்டர் நடந்து திரும்பி வந்து கேட்டால், அந்த வீட்டுப் பெண், "இது எங்க துணியே இல்லம்மா, நீ எங்கிட்ட குடுக்கல" என்றாள். அங்கே கட்டியிருந்தவை எல்லாம் சிவப்புத் துண்டுகள். துணியை மாற்றி வைத்துக்கொண்டு ஏமாற்றுகிறாள் என்று எழுதினேன். கேட்டையும் வாசல் வேப்பமரத்தையும் படம் பிடித்துப் போட்டேன்.

நாற்பதாயிரம் பேர் படித்திருக்கிறார்கள். என் மற்ற பதிவுகளை எல்லாம் கூட்டினாலும் அதில் பாதி வராது.

பச்சைத் துண்டு இன்னும் பீரோவில் இருக்கிறது. சந்திப்பில் காட்டலாம்.

ஜூலை 3, வியாழன்

வருகிறேன் என்று எழுதிவிட்டேன்.

ஜூலை 10, வியாழன், பௌர்ணமி

எழுதுவதா வேண்டாமா? எழுதித்தான் ஆகவேண்டும்.

பேச்சுக்குப் புதிதாகப் படம் எடுக்கலாம் என்று லீவு போட்டுவிட்டு, விடிந்ததும் அடி அண்ணாமலைக்குப் போனேன். துண்டையும் கைப்பையில் வைத்திருந்தேன். அதே சந்து. அதைத் தாண்டி ஒரு நீல கேட். எதிரில் நின்று இரண்டு படம் எடுத்தேன். எடுத்தபிறகுதான் உறைத்தது, இங்கே வேப்பமரம் இல்லையே? வெட்டிவிட்டார்களோ?

வாசலில் ஸ்டூல் போட்டு ஒரு பெரியவர் செருப்புகளுக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தார். "செருப்பு விடறியாம்மா? வா, வா" என்று கூப்பிட்டார். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு கம்பி. யாரும் வந்து வாங்காத செருப்புகள் ஏழெட்டு ஜோடி அதில் தொங்கின. கடைசி ஜோடி பிரவுன். இடது காலின் வார் அறுந்து நான் நீல நூலால் தைத்தது. அந்தத் தையல் தெரிந்தது. அதில் பச்சைத் துண்டு.

என்னையறியாமல் பையிலிருந்து துண்டை எடுத்து நீட்டிவிட்டேன். பெரியவர் கண்ணாடியை ஏற்றி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

"அடேயப்பா! ஒத்துப்போச்சு! ரெண்டு வருஷமா தொங்குதும்மா. மலை சுத்துன காலு, எப்படித் தூக்கிப் போடறது? ஏம்மா இத்தனை நாளா வரல?"

"அன்னிக்கே வந்தேன். வேற வீட்டுக்குப் போயிட்டேன் போலிருக்கு."

"போவும்போது அந்தச் சந்து தாண்டி வந்திருப்ப. சுத்திட்டு வரும்போது அந்தாண்டயிருந்து வர்ற, சந்துக்கு முன்னாடியே ஒரு கேட்டு தென்படும். அப்ப அதுவும் நீலந்தான். அம்மன் கோவில் கம்பிக்கு அடிச்ச பெயிண்டு மீந்துபோச்சு, ஆளுக்குக் கொஞ்சம் வாங்கி அடிச்சோம். அது பொன்னி வீடு. இப்ப சிவப்படிச்சுட்டாங்க, பாவம். யாரோ ஒரு பொம்பள கம்ப்யூட்டர்ல என்னமோ எழுதி..."

அங்கேயே நிறுத்திவிட்டார். என்னைப் பார்த்தார். கையிலிருந்த துண்டைப் பார்த்தார்.

"ஓ" என்றார். "அது நீயா."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். செருப்பை என் காலருகில் வைத்துவிட்டு அடுத்த ஜோடிக்குத் துணி கட்ட ஆரம்பித்துவிட்டார். உள்ளேயிருந்து யாரோ "அப்பாதுரை மாமா, காப்பி!" என்று கூப்பிட்டார்கள். அவர் திரும்பவில்லை.

செருப்பைப் போட்டுக்கொள்ள முடியவில்லை. அதைக் கையில் எடுத்துக்கொண்டு, காலில் கிடந்த ஜோடியையும் கழற்றிப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை வெறுங்காலோடு நடந்தேன்.

ஜூலை 11, வெள்ளி

'எங்க துணியே இல்லம்மா' என்று அவள் சொன்னது நிஜம். சாட்சி என் கையிலேயே இருந்தது. அதை வைத்துத்தான் அவளைத் திருடி என்று எழுதியிருக்கிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

பதிவைத் தூக்கிவிடலாமா? நேற்றிலிருந்து நாலு தடவை அந்தப் பொத்தான் மேல் விரல் போனது. தூக்கினால் என்ன ஆகும்? வாட்ஸ்அப்பில் சுற்றும் படத்தை யார் தூக்குவது? அதோடு, ஏன் எடுத்தீர்கள் என்று இராமலிங்கம் சார் கேட்பார். ச்சே, இந்த நேரத்திலும் முதலில் தோன்றுவது இராமலிங்கம் சார் என்ன நினைப்பார் என்பதுதான்!

போகாமலே இருந்துவிட்டால்? காய்ச்சல் என்று ஒரு வரி போதும். வேதாவுக்கு யாரும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கப் போவதில்லை.

என் பெயரை ஆறு வருஷமாக ஒளித்து வைத்திருக்கிறேன். அவள் வாசலை மட்டும் ஒரு நாள் கூட யோசிக்காமல் ஊருக்குக் காட்டிவிட்டேன்.

ஜூலை 19, சனி

சொல்லிவிடுகிறேன். மேடையிலேயே. பேச்சைப் புதிதாக எழுதிவிட்டேன், ஒன்றரைப் பக்கம். அரக்குப் பருத்திப் புடவையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். இதற்கென்றே வாங்கியது, ஒரு தடவை கூட உடுத்தவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

சொல்லவில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நாற்பது பேர் இருப்பார்கள். புதுச்சேரி, விழுப்புரம், வேலூர், மதுரையிலிருந்து கூட ஒருவர். இராமலிங்கம் சார் ஓடிவந்து, "நீங்கதான் வேதாவா! நான் இன்னும் வயசானவங்கன்னு நினைச்சேன். எழுத்துல அவ்ளோ அதட்டல்!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எழுத்தில் எனக்கு அதட்டல் இருக்கிறது என்று இதுவரை யாரும் எழுதிச் சொன்னதில்லை.

முதல் பேச்சு வேலூர் அருணகிரி என்பவருடையது. சமையல் பதிவர். நல்ல பருமன், கணீரென்ற குரல்.

"பதினோரு வருஷம் எழுதறேன். என் மிளகு ரசத்துக்கு முந்நூறு கமெண்ட்டு. அருமை, அற்புதம், கைமணம்னு. போன சந்திப்புல ஒரு அம்மா என்னை ஓரமா கூப்ட்டு, 'தம்பி, அந்த ரசத்துல நீங்க உப்பே போடச் சொல்லலியே'ன்னாங்க. வீட்டுக்குப் போய்ப் பாத்தேன். ஆமா! முந்நூறு பேர்ல ஒருத்தரும் சொல்லல. நேர்ல வந்தா என்னா கிடைக்கும்னு கேக்கறாங்களே, எனக்கு உப்பு கிடைச்சுது!"

ஹாலே அதிர்ந்தது. எனக்கு அந்த நிமிஷம் தைரியம் வந்தது. இங்கே தப்பை ஒப்புக்கொள்ளலாம், கைதட்டுவார்கள் என்று தோன்றியது.

அப்புறம் என்னை அறிமுகப்படுத்தினார்கள். "ஒரு ஜோடி செருப்புக்காக ஒரு தெருவையே கேள்வி கேட்ட துணிச்சல்காரி!" எழுந்து நின்று கைதட்டினார்கள். உப்பை மறந்தவர் அவருடைய ரசத்தில்தான் மறந்தார், வேறு யார் வீட்டு ரசத்திலும் இல்லை. காகிதம் கையில் இருந்தது. முதல் வரி, "நான் எழுதியது தவறு." வாயில் வந்தது: "நாம் எழுதுவதில் சில சமயம் தவறுகளும் நேரலாம்." யாருடைய தவறு, எந்தப் பதிவு, ஒன்றும் இல்லை. நாற்காலிக்குச் சொன்னது மாதிரி பொதுவாகச் சொன்னேன். பன்னிரண்டு நிமிஷத்தில் உட்கார்ந்துவிட்டேன். மறுபடி கைதட்டல்.

சாப்பாட்டு நேரத்தில் (தயிர்சாதமேதான்) பின் வரிசையிலிருந்து ஒருவர் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கட்டம் போட்ட சட்டை. கையில் வேன் சாவி.

"வணக்கம் மேடம். விமல்ராஜ். நீங்க என்னை வேற பேர்ல படிச்சிருப்பீங்க. அடி அண்ணாமலைக்காரன்."

தட்டை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"பதினேழு தடவை எழுதினேன் மேடம். பதினேழையும் அழிச்சுட்டீங்க. அதான் நேர்ல வந்தேன். நேர்ல அழிக்க முடியாதுல்ல?"

"பொன்னி உங்களுக்கு..."

"அக்கா. கூடப் பொறந்தவங்க." குரலை உயர்த்தவே இல்லை. "பத்தாம் தேதி அப்பாதுரை மாமா சொல்லிட்டாரு, நீங்க செருப்பு வாங்கினு போனதை. சரி, தெரிஞ்சுபோச்சு, இன்னிக்கு சொல்லிடுவாங்கன்னு கடைசி பெஞ்சில உக்காந்திருந்தேன். நல்லா பேசறீங்க மேடம்."

அந்தக் கடைசி வரி. பாராட்டு மாதிரியே சொன்னார்.

அக்காவைப் பார்க்கலாமா என்று கேட்டேன். "அத அவங்ககிட்ட கேக்கணும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். இராமலிங்கம் சார் வந்து, "உங்க ரசிகரா?" என்றார். ஆமாம் என்றேன். அதையும் சொன்னேன்.

ஜூலை 21, திங்கள்

டி.சி. ஒன்றில் மாணவி பெயருக்குப் பதில் 'பொன்னி' என்று எழுதிவிட்டேன். கிழித்துவிட்டு வேறு எழுதினேன்.

ஜூலை 24, வியாழன்

காலையில் ஒரு கமெண்ட். அடி அண்ணாமலைக்காரன். "ஞாயிறு பதினோரு மணிக்கு வரச் சொல்றாங்க." செருப்புப் பதிவின் கீழேயே போட்டிருந்தார்.

முதல் முறையாக அவருடையதை வெளியிட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

கேட் இப்போது செங்காவி நிறம். பிரஷ் சரியாக ஓடாத கம்பி இடுக்குகளில் பழைய நீலம் தெரிகிறது. வேப்பமரம் அப்படியே.

பொன்னி வாசலில் உட்கார்ந்து விதைக்கு நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். நான் அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை, துணியைத்தான் பார்த்திருக்கிறேன். விமல்ராஜ் ஒரு பிளாஸ்டிக் சேரைப் போட்டுவிட்டு மரத்தடிக்குப் போய்விட்டார். நான் சேரில் உட்காரவில்லை.

"உக்காரு. நின்னுனே பேசினா கேஸ் எழுத வந்த மாதிரி இருக்குது."

உட்கார்ந்தேன். தப்பு என்னுடையது, மன்னித்துவிடுங்கள், பதிவைத் திருத்திப் போடுகிறேன் என்றேன். ஒரே மூச்சில். மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன்.

உடைத்த கடலையை முறத்தில் போட்டுக்கொண்டே கேட்டார்: "திருத்தம்னு ஒண்ணு எழுதிப் போட்டுடுவ. அதையும் நாப்பதாயிரம் பேரு படிப்பாங்களா?"

படிக்க மாட்டார்கள். எனக்கே தெரியும்.

"போன வருஷம் சித்திரா பௌர்ணமிக்கு ஒரு கும்பல் இந்த வாசல்ல நின்னு போட்டா எடுத்துச்சு. 'இந்த வீடுதான், இந்த வீடுதான்'னு சின்னப் பசங்க கூட கை காட்டுது. என் மருமவ கீழ்பென்னாத்தூர்ல அவங்கம்மா வீட்டுக்குப் போனா, 'செருப்பு திருடற வீட்டுலயா பொண்ணு குடுத்தீங்க'ன்னு கேக்கறாங்களாம். சிரிச்சுனேதான் கேக்கறாங்களாம். அதுக்கப்புறந்தான் துணி கிழிக்கறத வுட்டேன். கேட்டுக்கு வேற பெயிண்டு அடிச்சோம். அதுக்கும் 'பாத்தியா, மாத்திட்டா'ன்றாங்க."

"நான் என்னா செய்யணும்னு சொல்லுங்க. செய்றேன்."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"என் கேட்டை ஊருக்கே தெரியும். வேப்பமரத்தைத் தெரியும். உன்னை யாருக்குத் தெரியும்?"

அவ்வளவுதான். மோர் கொடுத்தார். குடித்தேன். கிளம்பும்போது, "அந்தச் செருப்பு எங்க?" என்றார். வீட்டில் இருக்கிறது, போடவில்லை என்றேன்.

"போடு. அது என்னா பண்ணுச்சு?"

ஆகஸ்ட் 1, வெள்ளி

இராமலிங்கம் சார் சந்திப்புப் படங்களை அனுப்பியிருக்கிறார். நான் மைக் முன்னால், அரக்குப் புடவையில், வாய் பாதி திறந்து. சரியாக அந்த வரியைச் சொல்லும்போது எடுத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். "உங்கள் முகம் தெரியும் படத்தை வெளியிடலாமா?" என்று கேட்டிருக்கிறார். மரியாதையான மனுஷர். என்னிடம் கேட்கிறார். நான் யாரைக் கேட்டேன்?

ஆகஸ்ட் 4, திங்கள்

மூன்று நாளாகத் திருத்தம் எழுதுகிறேன். எப்படி எழுதினாலும் நடுவில் எங்கோ என்னைக் காப்பாற்ற ஒரு வாக்கியம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 'கூட்ட நெரிசலில்' என்று ஒன்று. 'இரண்டு கேட்டுகளும் ஒரே நிறம் என்பதால்' என்று ஒன்று. ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்கிறேன். கடைசியில் எட்டு வரிதான் மிஞ்சுகிறது.

வீட்டுக்காரர் கேட்டார்: "அந்த மீட்டிங்குக்குப் போனதுலருந்து ஒரு மாதிரி இருக்கியே. அப்படி என்னா குடுத்தாங்க அங்க?"

"உப்பு" என்றேன். ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை போட்டேனா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

நாளை மதியம் பௌர்ணமி தொடங்குகிறது. சனி மதியம் வரை கூட்டம் இருக்கும்.

பள்ளியில் இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். காரணம், சொந்த வேலை.

எட்டு வரியும் தயார். பழைய தலைப்பை எடுத்துவிட்டேன். பழைய பதிவு இருந்த அதே முகவரியில்தான் இது வரும், வாட்ஸ்அப்பில் அந்த லிங்கை யார் தொட்டாலும் இதுதான் திறக்கும். கேட் படம் இருந்த இடத்தில் மைக் முன்னால் நிற்கும் என் படம். கீழே அருணாதேவி என்று போட்டேன். பள்ளியின் பெயரையும் போடலாமா என்று யோசித்து, அது அவர்களைக் கேட்காமல் செய்வது என்று விட்டுவிட்டேன். இன்னும் வெளியிடவில்லை. நாளை அந்தச் செங்காவி கேட்டின் முன்னால் நின்றுதான் பொத்தானை அழுத்துவேன். அழுத்திவிட்டு அங்கேயே உட்காருவேன். இரண்டு நாளும். 'இந்த வீடுதான்' என்று கை காட்டுகிறவர்கள் என்னையும் சேர்த்துத்தான் காட்ட வேண்டும். யார் கேட்டாலும் சொல்வேன், தொலைத்தது நான், எழுதியதும் நான் என்று. பொன்னி உள்ளே விட்டால் செருப்பு வாங்கிக் கட்டுவேன். விடவில்லையென்றால் எதிர்ச்சாரியில் நிற்கிறேன். போ என்று விரட்டினால்? தெரியவில்லை. விரட்டட்டும், பார்க்கலாம்.

விமல்ராஜுக்குச் சொல்லவில்லை. இராமலிங்கம் சாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் யாராவது பாராட்டிவிடுவார்கள், அப்புறம் நான் போகமாட்டேன்.

பொன்னியிடம் கட்டத் துணி இல்லை. அதனால் சமையலை முடித்துவிட்டு அரக்குப் புடவையை எடுத்தேன். ஓரத்தில் பல்லால் கடித்து, நீளமாக இழுத்தேன். படத்தில் நான் கட்டியிருக்கும் அதே புடவை. கையில் துண்டோடு வருகிறவர்கள் ஒத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

டிவி பார்த்துக்கொண்டிருந்த அவர் அங்கிருந்தே கேட்டார்: "என்னாடி கிழியுது?"

"பழந்துணி."

"சத்தம் புதுசு மாதிரி இருக்குதே."

அடுத்த துண்டைக் கிழித்தேன்.